காணி உறுதியைக் கையில் எடுக்க முன்: வணிக விமானிப் பயிற்சிக்கான ஒழுங்கும் காசுக் கணக்கும்

வணிக விமானியாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளை பாதியில் நிற்பதற்குக் காசில்லாமை மட்டும் காரணமல்ல. இருந்த காசு முன்பின்னாகச் செலவானதும் பெரிய காரணம். மருத்துவச் சோதனை செய்ய முன்பே பள்ளிக்கு முற்பணம் போய்விடும். பறப்புக்கு வைத்த காசில் தங்குமிடமும் சாப்பாடும் நடக்கும். 30 மணித்தியாலம் பறந்த இடத்தில் கை வெறுமையாகும். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனால் பழகியது பாதி மறந்திருக்கும், அதை மீட்கவும் விமானத்துக்குக் காசு கட்ட வேண்டும். இந்தக் கட்டுரை யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த வழிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும், உறுதியையும் நகையையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் பெற்றோருக்கும். எதை முதலில் செய்வது, எதற்கு எப்போது காசு கட்டுவது என்பதே இதில் உள்ள விடயம்.

எந்த அனுமதிப்பத்திரம் எதற்கு

அடிப்படை விதிகளை ஐ.சி.ஏ.ஓ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுக்கிறது. ஒவ்வொரு நாடும் அதன்மேல் தன் விதிகளைச் சேர்க்கும். இலங்கையில் அந்தப் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் இருக்கிறது.

முதலில் வருவது மாணவ விமானி அனுமதி. அடுத்தது தனியார் விமானி அனுமதிப்பத்திரம், அதாவது பி.பி.எல். அதற்கு வயது 17, குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு. அதில் 10 மணித்தியாலம் தனியே பறந்திருக்க வேண்டும். தனியே பறந்த ஒரு நெடும்பறப்பு 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நின்று வந்ததாக இருக்க வேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ரத்மலானை விமான நிலையத்தில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 330 கிலோமீற்றர் என்பதை மனதில் வைத்தால் இந்தத் தூரத்தின் அளவு பிடிபடும்.

பி.பி.எல் வைத்திருப்பவர் பறந்து சம்பளம் வாங்க முடியாது. சம்பளத்துக்குப் பறக்க சி.பி.எல், அதாவது வணிக விமானி அனுமதிப்பத்திரம் வேண்டும். வயது 18, மொத்தம் 200 மணித்தியாலம். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஒரே தொடர்ச்சியான பாடத்திட்டமாகப் படித்தால் 150 போதும். 200இல் 100 மணித்தியாலம் விமானத்தின் தலைமை விமானியாகப் பறந்ததாக இருக்க வேண்டும், 150 பாதையில் அது 70. இந்த இரண்டு பாதைகளில் எதில் உங்களைச் சேர்க்கிறார்கள் என்று பள்ளியிடம் முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 50 மணித்தியால வித்தியாசம் பல இலட்சம் ரூபா வித்தியாசம்.

சி.பி.எல் மட்டும் வைத்துக்கொண்டு விமான நிறுவனத்தில் சேர முடியாது. முகிலுக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, அதாவது இன்ஸ்ட்ருமென்ட் ரேற்றிங் வேண்டும். இரண்டு எஞ்சின் விமானத் தகுதியும் வேண்டும். சில பள்ளிகள் "சி.பி.எல் முழுத்தொகை" என்று ஒரு விலை சொல்லும்போது இந்த இரண்டும் அதற்குள் இருக்காது. விலையை ஒப்பிட முன் இதைத்தான் பாருங்கள். ஏ.ரி.பி.எல், அதாவது விமான நிறுவன விமானி அனுமதிப்பத்திரம் என்ற கடைசிப் படிக்கு 1500 மணித்தியாலம் வேண்டும். அது வேலையில் சேர்ந்து பறந்து சேர்ப்பது, இப்போது அதற்குக் காசு ஒதுக்கத் தேவையில்லை.

முதல் செலவு மருத்துவம்

பள்ளி வாசலுக்குப் போக முன் மருத்துவரிடம் போங்கள். சி.பி.எல்லுக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். பி.பி.எல்லுக்கு இரண்டாம் வகுப்புப் போதும் என்பதால் சிலர் அதை எடுத்துக்கொண்டு பறக்கத் தொடங்கி விடுகிறார்கள். பி.பி.எல் முடிந்தபிறகு முதலாம் வகுப்பில் நிராகரிக்கப்பட்டால் அதுவரை செலவழித்தது பொழுதுபோக்குக் கணக்கில்தான் சேரும். சம்பளத்துக்குப் பறக்க விரும்பினால் முதலாம் வகுப்பையே முதலில் எடுங்கள்.

அதிகாரசபை நியமித்த மருத்துவப் பரிசோதகரிடம்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அதற்குக் கொழும்புக்குப் பயணம் போட முன், யாழ்ப்பாணத்திலேயே சில ஆயிரம் ரூபாவுக்குள் ஒரு முன்சோதனை செய்யலாம். கண் வைத்தியரிடம் பார்வையும் நிறமும், காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் கேட்டல் சோதனை, ஒரு ஈ.சி.ஜி, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி. இவ்வளவும் போதும்.

கண்ணாடி போட்டவருக்கு விமானி வேலை கிடையாது என்ற பேச்சு ஊரில் இன்னும் ஓடுகிறது. அது சரியல்ல. கண்ணாடியுடனோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணும் தனியே 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். கண்ணாடி போடுபவர் பறக்கும்போது மேலதிகமாக ஒரு கண்ணாடி கையோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கு லேசர் சத்திரசிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால் செய்ய முன் பரிசோதகரிடம் கேளுங்கள். செய்தபின் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், என்ன அறிக்கை வேண்டும் என்று அவரே சொல்வார்.

உண்மையில் பலரை நிறுத்துவது நிறப்பார்வை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத குறை பிறப்பிலேயே வருவது, மருந்து கிடையாது, அன்றாட வாழ்வில் தெரியவும் வராது. இது அம்மா வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்கும். அம்மப்பாவுக்கு இந்தக் குறை இருந்திருந்தால் பேரனுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இஷிஹாரா எனப்படும் புள்ளிப்பட அட்டையில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சாதாரண தரம் படிக்கும் வயதிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. பிள்ளை ஐந்து வருடம் ஆசையை வளர்த்தபிறகு அந்தச் செய்தியைக் கேட்பது கொடுமை.

கேட்டலில் 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் ஒலிகளில் இழப்பு 35 டெசிபெலுக்கு மேலும், 3000இல் 50க்கு மேலும் போகக் கூடாது. வலிப்பு, இன்சுலின் எடுக்கும் நீரிழிவு போன்றவை இருந்தால் மறைக்க வேண்டாம். பொய்யான தகவல் கொடுத்துப் பெற்ற சான்றிதழ் பின்னால் தெரிய வந்தால் அனுமதிப்பத்திரமே போகும்.

மருத்துவத்தில் நிற்க நேர்ந்தால் விமானத்துறை முழுவதும் மூடியதாக நினைக்க வேண்டாம். விமானப் பராமரிப்புப் பொறியியலாளருக்கு விமானியின் மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும், அதிலும் நிறப்பார்வை பார்ப்பார்கள்.

படிப்பும் ஆங்கிலமும்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது போலத்தான். இணைந்த கணிதத்தில் சார்பு வேகம் செய்திருப்பீர்கள். வழிசெலுத்தல் பாடத்தில் வரும் காற்று முக்கோணம் அதுவேதான். ரத்மலானையில் இருந்து பலாலிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே 178 கடல்மைல். விமானத்தின் வேகம் 100 நொட், அதாவது மணிக்கு 100 கடல்மைல், மேற்கிலிருந்து 20 நொட் காற்று என்றால், மூக்கை 11.5 பாகை மேற்கே திருப்பிப் பறக்க வேண்டும். தரைவேகம் 98 நொட் ஆகும், பயணம் ஒரு மணி 49 நிமிடம். இந்தக் கணக்கைத் தாளில் போட முடிந்தால் பாடத்தின் கடினமான பகுதி உங்களுக்குப் புதிதல்ல. கலை, வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளும் வரலாம், ஆனால் பௌதிகவியலும் கணிதமும் கட்டாயம் கேட்கும் நாடுகள் உண்டு. இந்தியா அதில் ஒன்று. விமான நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் சாதாரண தர ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானப் பெறுபேறுகளும் பார்க்கப்படும். பெறுபேறு குறைவான பாடத்தை மறுபடி எழுதுவது இப்போது மலிவு.

ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் மொழி மூலம் படித்த பிள்ளைகள் இங்கேதான் மணித்தியாலங்களை இழக்கிறார்கள். ஐ.சி.ஏ.ஓ ஆங்கிலத் தேர்ச்சி ஆறு நிலைகள் கொண்டது, நான்காம் நிலை கட்டாயம். உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், சரளம், விளங்கல், உரையாடல் என்ற ஆறையும் தனித்தனியே அளந்து, அவற்றில் மிகக் குறைந்ததையே உங்கள் நிலையாகக் கொடுப்பார்கள். மற்ற ஐந்திலும் 5ஆம் நிலை எடுத்து உச்சரிப்பில் மட்டும் 3 எடுத்தால் உங்கள் நிலை 3. நான்காம் நிலை எடுத்தவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதனைக்குப் போக வேண்டிவரும், ஆறாம் நிலைக்கு அது தேவையில்லை.

எங்கள் நாக்குக்குப் பழக்கமான சறுக்கல்கள் சில உண்டு. "ஃப்" ஒலி "ப்" ஆவது, சொல்லின் தொடக்கத்தில் வரும் ஆங்கில "b", "p" ஒலிகள் இரண்டும் ஒன்றாகிப்போவது, சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவது அல்லது அதன் பின்னால் ஒரு "உ" சேர்ப்பது. வானொலியில் இரைச்சலுக்கு நடுவே இவை எண்ணைக் குழப்பும். அதனால்தான் வானொலியில் ஐந்தை "ஃபைஃப்" என்றும் ஒன்பதை "நைனர்" என்றும் மூன்றை "ட்ரீ" என்றும் சொல்லச் சொல்கிறார்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி முதல் சூலு வரையான எழுத்துப் பெயர்களையும் எண்களையும் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே பாடமாக்குங்கள். தெருவில் போகும் வாகனத்தின் இலக்கத்தகட்டைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து வரும் கட்டளையைத் திருப்பிச் சொல்லத் தடுமாறும் மாணவனுக்குப் பயிற்றுநர் தனிப்பறப்பு அனுமதி கொடுக்க மாட்டார். அந்தத் தடுமாற்றம் தீரும்வரை ஒவ்வொரு மணித்தியாலமும் பயிற்றுநரோடு பறக்கும் கட்டணத்தில் போகும்.

பள்ளியைத் தெரிவுசெய்தல்

இலங்கையில் பறப்புப் பயிற்சி பெரும்பாலும் ரத்மலானையை மையமாகக் கொண்டது. பள்ளிக்கு அதிகாரசபையின் அங்கீகாரம் இருக்கிறதா, அது எதற்கு, எத்தனையாம் திகதி வரை என்று முதலில் பாருங்கள். பி.பி.எல்லுக்கு மட்டும் அங்கீகாரம் உள்ள இடத்தில் சி.பி.எல்லுக்குக் காசு கட்டக் கூடாது.

அதன்பிறகு ஒரு கணக்கைப் போடுங்கள். பளபளப்பான அலுவலகத்தையும் சீருடையையும் விட இந்தக் கணக்கு உண்மை பேசும். பறக்கும் நிலையில் உள்ள ஒரு பயிற்சி விமானம், மழை, பராமரிப்பு எல்லாம் போக, மாதம் 60 மணித்தியாலம் பறக்கிறது என்று வையுங்கள். அந்த விமானத்துக்கு 20 மாணவர்கள் இருந்தால் ஒருவருக்கு மாதம் 3 மணித்தியாலம். 200 மணித்தியாலம் முடிக்க 67 மாதம், அதாவது ஐந்தரை வருடம். ஒரு விமானத்துக்கு ஆறு மாணவர்கள் என்றால் மாதம் 10 மணித்தியாலம், 20 மாதத்தில் முடியும். ஆகவே கேட்க வேண்டியவை இவை:

– பதிவேட்டில் எத்தனை விமானம் என்பதல்ல, இன்று பறக்கும் நிலையில் எத்தனை?
– முழுநேரப் பயிற்றுநர் எத்தனை பேர்? கடந்த வருடத்தில் எத்தனை பேர் விலகினார்கள்?
– இப்போது பறந்துகொண்டிருக்கும் மாணவர் எத்தனை பேர்?
– கடந்த இரண்டு வருடத்தில் சி.பி.எல் எடுத்து வெளியேறியவர்கள் சேர்ந்த நாளில் இருந்து எத்தனை மாதம் எடுத்தார்கள்?
– 100 மணித்தியாலப் பராமரிப்புக்கு விமானம் போனால் எத்தனை நாளில் திரும்பும்? உதிரிப்பாகம் எங்கிருந்து வருகிறது?

பதில்களை அலுவலகத்தில் கேட்பதோடு நிற்காமல், ஒரு வேலைநாள் காலையில் போய் ஓடுபாதைப் பக்கம் நின்று எண்ணுங்கள். பள்ளியின் விமானம் எத்தனை முறை மேலே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அங்கே காத்திருக்கும் மாணவர்களோடும் கதையுங்கள், அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

செலவைப் பிரித்து எழுதுதல்

கணக்குப் புரிவதற்காக மட்டும், பயிற்றுநரோடு ஒரு மணித்தியாலப் பறப்பு 50,000 ரூபா என்று வைப்போம். உண்மை விலையைப் பள்ளியின் எழுத்து விலைப்பட்டியலில் இருந்து எடுங்கள். 200 மணித்தியாலத்துக்கு ஒரு கோடி. எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தபட்ச மணித்தியாலம் என்பது சட்டம் கேட்கும் அளவு. பி.பி.எல்லை 40இல் முடிப்பவர் அரிது, 55 முதல் 65 வரை எண்ணி வைப்பதே பாதுகாப்பு. ஆகவே மொத்தத்தில் 15 வீதம் கூட்டுங்கள். 30 மணித்தியாலம், இன்னொரு 15 இலட்சம்.

இரண்டாவது கேள்வி, மணித்தியாலத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது. சில இடங்களில் எஞ்சின் தொடங்கிய நேரத்தில் இருந்து நிறுத்தும்வரை ஓடும் ஹொப்ஸ் மீற்றரால் கணக்கிடுவார்கள். சில இடங்களில் எஞ்சின் சுழற்சியோடு ஓடும் ரக்கோ மீற்றரால். மெதுவாக ஓடும் எஞ்சினில் ரக்கோ மெதுவாகவே ஏறும் என்பதால் அதே பறப்புக்கு ஹொப்ஸ் கூடுதலாகக் காட்டும். ஓடுபாதை வாசலில் பயணிகள் விமானத்துக்கு வழிவிட்டு 15 நிமிடம் நின்றால் அதுவும் உங்கள் கணக்கில். கட்டணத்துக்குள் எரிபொருள் அடங்குமா என்றும் கேளுங்கள். செஸ்னா 152 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 23 லீற்றர், 172 ஏறக்குறைய 30 முதல் 35 லீற்றர் விமானப் பெற்றோல் குடிக்கும். தனியே பறந்து மணித்தியாலம் சேர்க்கும் கட்டத்தில் சிறிய விமானத்தில் பறந்தால் மிச்சம் பிடிக்கலாம்.

விலைப்பட்டியலில் பெரும்பாலும் காணாமல் போவன: தரைப்பாடக் கட்டணம், ஒவ்வொரு பரீட்சைக்கும் அதிகாரசபைக் கட்டணம், தோற்றால் மறுபரீட்சை, பறப்புச் சோதனை நாளில் சோதகரின் கட்டணமும் விமான வாடகையும், தரையிறங்கும் கட்டணம், ஆங்கிலத் தேர்ச்சிச் சோதனை, ஆண்டு மருத்துவம், ஹெட்செற், வரைபடங்கள், வழிசெலுத்தல் கணிப்பான். ஹெட்செற்றை நல்லதாக ஒன்று வாங்குங்கள், பழையதென்றாலும் பரவாயில்லை. மலிவானதில் வானொலி விளங்காமல் போகும் நேரம்தான் விலை கூடியது.

செலவு குறையும் ஓர் இடமும் உண்டு. இன்ஸ்ட்ருமென்ட் ரேற்றிங்குக்கு 40 மணித்தியாலக் கருவிப் பயிற்சி வேண்டும், அதில் 20 வரை தரையில் உள்ள பயிற்சிக் கருவியில் செய்யலாம். அங்கீகரிக்கப்பட்ட சிமுலேற்றர் என்றால் 30 வரை. விமானத்தை விட அது மிகவும் மலிவு. பள்ளியில் இருப்பது எந்த வகைக்கு அங்கீகாரம் பெற்றது என்று சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

தங்குமிடத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வார இறுதியில் இரவு பஸ்ஸில் போய்க் காலையில் பறந்து வருவேன் என்ற திட்டம் வேலை செய்யாது. எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் அரைத்தூக்கம் தூங்கியவர் விமானத்தில் ஏறக் கூடாது. களைப்போடு பறந்த மணித்தியாலத்தில் எதுவும் தலைக்குள் ஏறவும் மாட்டாது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கல்கிசையிலோ அறை எடுத்தால் காலி வீதி பஸ்ஸிலேயே ரத்மலானைக்குப் போகலாம். 20 மாதத்து அறை வாடகையையும் சாப்பாட்டையும் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், பறப்புக் கணக்கோடு கலக்க வேண்டாம்.

கடைசியாக டொலர். விமானம், உதிரிப்பாகம், எரிபொருள் எல்லாம் டொலரில் வருவதால் ரூபா விழுந்தால் கட்டணம் ஏறும். 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது மே மாதத்தில் 360 வரை போனது. 20,000 டொலர் கட்ட வேண்டியவருக்கு 40 இலட்சம் 72 இலட்சமானது.

காசு எங்கிருந்து

வங்கிக் கடனை எடுக்க முன் மாதத் தவணையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 இலட்சத்தை 14 வீத வட்டிக்கு ஏழு வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் ஏறக்குறைய 93,700 ரூபா. மொத்தமாகக் கட்டுவது 78 இலட்சத்து 70 ஆயிரம் அளவில். சி.பி.எல் எடுத்த அடுத்த மாதமே விமானி வேலை கிடைக்கும் என்று வைத்து இந்தத் தவணையை ஏற்காதீர்கள். வேலை இல்லாமல் இரண்டு வருடம் போனாலும் இந்தத் தவணையைக் கட்ட வீட்டில் யாருக்கு வருமானம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் கடன் தொகை பெரிது. முழுத்தொகையையும் ஒரே நாளில் வாங்காமல், கட்டங்கட்டமாக விடுவிக்கும் ஏற்பாட்டை வங்கியிடம் கேளுங்கள். எடுக்காத பகுதிக்கு வட்டி ஓடாது.

நகை அடகும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோய் வைத்தால், எட்டு மாதம் கழித்துப் பறக்கப்போகும் மணித்தியாலத்துக்கும் இன்றிலிருந்தே வட்டி. தேவை வரும் மாதத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வையுங்கள், மீட்கும் திகதிகளைக் கொப்பியில் எழுதுங்கள். சீட்டுக் காசைப் பறப்புக் கட்டணத்துக்கு நம்பியிருக்க வேண்டாம். கழிவுக்கு எடுத்தால் தொகை குறையும், இறுதிவரை காத்திருந்தால் திகதி உங்கள் கையில் இல்லை. பரீட்சைக் கட்டணம், ஹெட்செற் போன்ற சிறு செலவுக்கு அது உதவும்.

காணியை ஈடு வைக்கவோ விற்கவோ நினைத்தால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். காணி அம்மாவின் சீதனக் காணியாக இருந்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் அப்பாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பிரிபடாத பங்கை விற்பதென்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரித்து உண்டு, அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பங்காளி ஒருவர் நோர்வேயில் இருந்தால் அவருக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வந்து சேர மாதங்கள் போகலாம். பிள்ளை 40 மணித்தியாலத்தில் நிற்கும்போது இந்த வேலையைத் தொடங்கினால், காசு கைக்கு வர முன் பறப்பு மறந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குடியிருக்கும் வீட்டையும், தங்கைக்கென்று வைத்த காணியையும் இதற்குள் கொண்டுவராதீர்கள். இந்தத் தொழிலில் வேலை கிடைக்கும் நேரம் யார் கையிலும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ உதவுவதாகச் சொன்னால், தொகையையும் மாதத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது மரியாதைக் குறைவல்ல, உறவைக் காப்பாற்றும் வேலை. "தேவைப்படும்போது சொல்லு, அனுப்புறன்" என்பது நல்ல மனம். ஆனால் அங்கே அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும், வேலை போகும் காலமும் வரும். அவர் அனுப்பும் வெளிநாட்டுக் காசைத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றில் டொலராகவே வைத்து, கட்டும் நேரத்தில் மாற்றினால் நாணய வீழ்ச்சியில் இருந்து ஓரளவு தப்பலாம்.

கட்டும் முறை

முழுத்தொகையை முன்கூட்டிக் கட்டினால் பத்து வீதம் கழிவு என்று சொல்வார்கள். கழிவு கண்ணைப் பறிக்கும். பள்ளி மூடினாலோ ஒரே விமானம் பழுதானாலோ பயிற்றுநர் விலகினாலோ மிச்ச 90 வீதமும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் 10 மணித்தியாலத்துக்கு மேல் முற்பணம் வேண்டாம். அந்த 10இல் எட்டுப் பறந்தபின் அடுத்த 10க்குக் கட்டுங்கள். பள்ளி அதற்கு மறுத்தால் கட்டங்களாகப் பிரியுங்கள்: முதல் தனிப்பறப்பு வரை ஒன்று, பி.பி.எல் வரை ஒன்று, மணித்தியாலம் சேர்க்கும் பகுதி ஒன்று, கருவிப் பறப்பும் இரட்டை எஞ்சினும் ஒன்று. பறக்காத மணித்தியாலத்துக்கான காசு எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டணம் கூடினால் ஏற்கெனவே கட்டிய மணித்தியாலத்துக்குப் பழைய விலையா என்பதும் அப்படியே. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள், தனியாளின் வங்கிக் கணக்குக்கும் போடாதீர்கள்.

பறக்கத் தொடங்கியபின் மணித்தியாலம் எங்கே கசிகிறது

இடைவெளியில்தான். வாரத்துக்கு மூன்று முறை பறப்பவர் முதல் தனிப்பறப்புக்கு 15 மணித்தியாலம் அளவில் வருவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பறப்பவர் ஒவ்வொரு முறையும் முதல் அரை மணித்தியாலத்தைப் பழையதை ஞாபகப்படுத்தவே செலவழிப்பார். கையில் 20 மணித்தியாலத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதை ஆறு மாதத்துக்கு இழுப்பதை விட, இன்னும் சேர்த்து வைத்து இரண்டு மாதத்தில் அடுத்தடுத்துப் பறப்பது இலாபம்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுங்கள். கொழும்புப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியும் மழையும். டிசெம்பர் முதல் மார்ச் வரைதான் தெளிவான காலைகள் கூடுதலாகக் கிடைக்கும். எங்களுக்கு இங்கே மாரி பெய்யும் டிசெம்பரில் அங்கே பறக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மழை மாதங்களில் தரைப்பாடத்தையும் பரீட்சைகளையும் முடித்து, டிசெம்பரில் தனிப்பறப்புக் கட்டத்துக்கு வரும்படி சேரும் மாதத்தைத் தெரிவுசெய்யுங்கள். எந்தப் பருவத்திலும் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெயில் ஏறியபின் காற்று குலுங்கும், தரையிறக்கம் பழகுபவருக்கு அது வீண் செலவு.

பாடத்தை வீட்டில் படித்துவிட்டுப் போங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பயிற்றுநர் விளக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. எஞ்சின் தொடங்கும் சரிபார்ப்புப் பட்டியலை நிறுத்திய விமானத்தில் அமர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம், அதற்குப் பள்ளிகள் பொதுவாகக் காசு கேட்பதில்லை.

பறப்புப் பதிவேட்டை அன்றன்றே எழுதிப் பயிற்றுநரின் கையொப்பம் வாங்குங்கள். விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் 1.2 என்றும் உங்களுடையதில் 1.4 என்றும் இருந்தால், பின்னால் அனுமதிப்பத்திர விண்ணப்பத்திலோ வேறு நாட்டில் மாற்றும்போதோ முழுப் பதிவேடும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வாரம் ஒருமுறை பக்கங்களைப் படமெடுத்து வேறிடத்தில் சேமியுங்கள்.

வெளிநாட்டில் படிப்பதென்றால்

ஒரே கேள்வி: அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் அந்த அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்து இலங்கையில் மாற்ற வேண்டும். அதற்குப் பரீட்சை, மருத்துவம், பறப்புச் சோதனை என்று மீண்டும் காசும் மாதங்களும் போகும். கனடாவில் மாமா இருப்பது தங்க இடம் தரும், வேலை உரிமை தராது. அமெரிக்காவில் வெளிநாட்டவர் பறக்கப் படிக்க அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அனுமதியும் பொருத்தமான மாணவர் விசாவும் வேண்டும், சுற்றுலா விசாவில் போய்ப் படிக்க முடியாது. அங்கே சாதாரண வழியில் சி.பி.எல்லுக்கு 250 மணித்தியாலம், அங்கீகரித்த பாடத்திட்டத்தில் 190.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, உயர்தரச் சான்றிதழ் நான்கிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் முதலெழுத்தாகவும் நிற்பது எங்களிடம் வழமை. பின்னணிச் சோதனையில் அது வாரக்கணக்கில் இழுபடும். "படிப்பு முடிந்ததும் வேலை உறுதி" என்று சொல்லும் முகவரிடம் அந்த விமான நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எழுந்து வாருங்கள்.

சி.பி.எல் கைக்கு வந்தபின்

ஏ320 அல்லது ஏ.ரி.ஆர் போன்ற குறிப்பிட்ட விமான வகைக்கான ரைப் ரேற்றிங் தனிச் செலவு. வேலைக் கடிதம் இல்லாமல் அதைச் சொந்தக் காசில் வாங்க வேண்டாம். நீங்கள் ஏ320க்குக் காசு கட்டியபின் ஆள் எடுப்பது ஏ.ரி.ஆருக்காக இருக்கலாம். பயன்படுத்தாமல் விட்ட ரேற்றிங்கைப் புதுப்பிக்கவும் காசு வேண்டும். 200 மணித்தியாலத்தில் நிற்கும் பலருக்கு முதல் வருமானம் பறப்புப் பயிற்றுநர் வேலை. அதற்கான ரேற்றிங் ஒப்பீட்டளவில் மலிவு, பறந்துகொண்டே மணித்தியாலமும் சேரும். மாலைதீவின் கடல்விமானங்கள் இன்னொரு வாசல், அங்கே பறப்பவை ருவின் ஒட்டர் வகை.

வேலை தேடும் காலத்துக்கும் பயிற்சிப் பணத்திலேயே ஒரு வருடப் பங்கை ஒதுக்குங்கள். முதலாம் வகுப்பு மருத்துவம் 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கருவிப் பறப்புத் தகுதிக்கும் புதுப்பிப்புச் சோதனை உண்டு. 90 நாளுக்குள் மூன்று ஏற்றமும் மூன்று இறக்கமும் செய்திராதவர் பயணிகளை ஏற்றக் கூடாது என்பது பொதுவான விதி. அதை மட்டும் காப்பாற்ற வருடத்துக்கு நான்கைந்து மணித்தியாலம் போதும். மேலே வைத்த 50,000 கணக்கில் அது இரண்டு முதல் இரண்டரை இலட்சம் ரூபா. மருத்துவக் கட்டணத்தையும் கருவிப் பறப்புச் சோதனைக் கட்டணத்தையும் அதோடு கூட்டி, அந்தத் தொகையைப் பயிற்சி தொடங்கும் நாளிலேயே நிலையான வைப்பில் போட்டுவிடுங்கள்.